ஜொகூர் லாமா: நம் ஆற்றங்கரையில் ஒரு பழைய துறைமுகப் பட்டணம்

அல்ஹம்துலில்லாஹ். நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. சங்கம் பிறந்த கதையையும் அதற்காக உழைத்த பெரியவர்களையும் பற்றி இம்மலரில் வேறு கட்டுரைகள் வருகின்றன. நாங்கள் எழுத எடுத்துக்கொண்டது, சங்கம் வேர் பிடித்திருக்கும் இந்த மண்ணின் பழைய கதை.

இப்போதெல்லாம் உம்ராவுக்குப் போகும் குடும்பங்கள் பல, திரும்பும் வழியில் துருக்கியையும் பார்த்துவிட்டு வருகின்றன. அங்கே மத்தியதரைக் கடலோரத்தில் அலான்யா என்று ஒரு பழைய பட்டணம். செல்ஜூக் சுல்தான் அலாஉத்தீன் கைகுபாத் 1220களில் கட்டிய செங்கல் கோபுரமும், அதையடுத்துக் கடலைப் பார்த்தபடி இருக்கும் கப்பல் கட்டும் துறையும் இன்றும் நிற்கின்றன. அந்தப் படங்களைக் கைப்பேசியில் காட்டி நம் பிள்ளைகள் வியக்கிறார்கள். வியக்க வேண்டிய இடம்தான். ஆனால் இன்னொரு சுல்தான் அலாஉத்தீன் அமைத்த துறைமுகத் தலைநகர் ஒன்று நம் கோத்தா திங்கி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அதன் பெயர் ஜொகூர் லாமா. 'லாமா' என்றால் பழைய. நம் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய பழைய பட்டணம் அது.

பொன்விழாவை ஒட்டிக் குடும்பங்களாக அங்கே போய்வருவது என்று முடிவாயிற்று. பள்ளி விடுமுறையில் ஒரு நாள் சுப்ஹு தொழுதுவிட்டு, இடியப்பமும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பெரியவர்கள், தாய்மார்கள், பிள்ளைகள் என்று வேன்கள் நிறைந்துவிட்டன. தெலுக் செங்காட் பக்கம் திரும்பியதும் இருபுறமும் செம்பனைத் தோட்டம்தான். அந்தப் பாதை ஓர் அமைதியான மலாய்க் கம்போங்கில் போய் முடிகிறது. அதைத் தாண்டினால் ஜொகூர் ஆறு, அகலமாக, கலங்கலாக, சத்தமில்லாமல் ஓடுகிறது.

இறங்கியதும் ஒரு பையன் கேட்டான்: "அத்தா, கோட்டை எங்கே?"

மண்ணே கோட்டை

அவன் கேட்டதில் தவறில்லை. கோட்டை என்றால் உயர்ந்த மதிலும் கோபுரமும் என்றுதான் படங்களில் பார்த்திருக்கிறான். ஜொகூர் லாமாவின் கோட்டை ஆற்றை நோக்கி நீண்டிருக்கும் மேட்டில், மண்ணை அணையாகக் குவித்து எழுப்பியது. 'கோத்தா பத்து' என்பது அதன் பெயர். இன்று அந்த அணையின் மேல் புல் முளைத்திருக்கிறது. நாங்கள் நடந்து ஏறிய அந்த மேடுதான் கோட்டை என்று சொன்னபோது, பையன் குனிந்து காலடியைப் பார்த்தான்.

அரண்மனையும் வீடுகளும் மரத்தாலும் ஓலையாலும் ஆனவை. மழையும் கறையானும் நெருப்பும் தின்றது போக மிஞ்சுவது மண்ணும் ஓடும்தான். 1953இலும் 1960இலும் ஆய்வாளர்கள் இங்கே அகழ்ந்து பார்த்தபோது சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. பீங்கான் வந்த இடத்துக்குக் கப்பல் வந்திருக்க வேண்டும். கப்பல் வந்த இடத்தில் கடைத்தெருவும் பல மொழி பேசும் மக்களும் இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் இவற்றைப் பார்த்துவிட்டு மறுபடி மேட்டில் ஏறி நின்றால், ஆறு வேறு மாதிரித் தெரிகிறது. கீழே முகத்துவாரப் பக்கமிருந்து எந்தக் கப்பல் ஏறி வந்தாலும் இந்த மேட்டில் நிற்பவன் கண்ணுக்குத் தப்பாது. இடம் தேர்ந்தவர்களின் புத்தி அங்கே நின்றால்தான் விளங்கும்.

மலாக்கா விழுந்தபின்

1511 ஆகஸ்டில் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார். அந்நாளில் மலாக்கா உலகச் சந்தை. மலுக்கு தீவுகளின் கிராம்பு, பாண்டா தீவுகளின் ஜாதிக்காய், சுமத்ராவின் மிளகு எல்லாம் அங்கே வந்து கைமாறி, குஜராத், ஏடன், செங்கடல் வழியாக அலெக்சாந்திரியாவை அடைந்து, கடைசியில் மத்தியதரைக் கடலைத் தாண்டி வெனிஸ் வணிகரின் கிடங்கில் இறங்கும். அந்தச் சங்கிலியைத் தன் கைக்குள் கொண்டுவரத்தான் போர்த்துக்கல் மலாக்காவைக் குறிவைத்தது.

தலைநகரை இழந்த சுல்தான் மஹ்மூது ஷா கடைசியில் பிந்தான் தீவில் தங்கினார். 1526இல் அதையும் போர்த்துக்கீசியர் அழித்தனர். அவர் சுமத்ராவின் கம்பாருக்குப் போய் 1528இல் அங்கேயே மௌத்தானார். அவருடைய மகன் சுல்தான் அலாஉத்தீன் ரியாயத் ஷா ஜொகூர் ஆற்றுக்கு வந்து புதிய அரசைத் தொடங்கினார். முதலில் ஆற்றின் மேற்பகுதியில் பெக்கான் துவாவில் இருந்தார். 1535, 1536 ஆண்டுகளில் போர்த்துக்கீசியர் ஆற்றுக்குள்ளேயே வந்து தாக்கினர். அந்தப் படையை நடத்தியவர் எஸ்தேவோ ட காமா. கோழிக்கோட்டில் வந்திறங்கிய வாஸ்கோ ட காமாவின் மகன்தான் அவர்.

ஏறக்குறைய 1540இல் ஜொகூர் லாமா தலைநகரானது. 1564இல் அச்சே படையெடுத்து வந்து ஊரை அழித்து, சுல்தானையும் சிறைபிடித்துச் சென்றது. தாக்கியவர்களும் முஸ்லிம்கள், தாக்கப்பட்டவர்களும் முஸ்லிம்கள். வணிகப் போட்டி எந்த உறவையும் பார்ப்பதில்லை. சிறிது காலம் தலைநகர் செலுயூத்துக்கு மாறியது. பிறகு சுல்தான் அலி ஜல்லா அப்துல் ஜலீல் ஷா மறுபடியும் ஜொகூர் லாமாவுக்கு வந்து ஊரை நிமிர்த்தினார். அவர் காலத்தில் ஜொகூர் கப்பல்கள் மலாக்காவைச் சுற்றி வளைத்து, அங்கே உணவுத் தட்டுப்பாடு வரும் அளவுக்கு நெருக்கின. அதற்குப் பழிவாங்க கோவாவிலிருந்து ஒரு கப்பற்படை வந்தது. 1587 ஆகஸ்டில் தோம் பாவ்லோ டி லிமா பெரெய்ராவின் தலைமையில் போர்த்துக்கீசியர் கோட்டையை உடைத்து, ஊரைக் கொளுத்தி, பீரங்கிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். பையன் தேடிய கோட்டை மதில் இல்லாமல் போன கதை இதுதான்.

அக்கரையிலும் அதே நெருப்பு

இதே ஆண்டுகளில் நம் முன்னோரின் கரையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ சிறப்பாக எழுதியிருக்கிறார். ஹுர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து இறங்கின. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, நாகூர், பரங்கிப்பேட்டை என்று நம் குடும்பங்களின் பூர்வீகம் சொல்லப்படும் ஊர்கள் எல்லாம் இந்தக் கப்பல் வழியில் வந்தவை.

முத்துக்குளிக்கும் கரையைத் தன் ஆதிக்கத்தில் வைக்க விரும்பிய போர்த்துக்கல், மரக்காயர்களை எதிரியாகப் பார்த்தது. 1538இல் மண்டபத்தை ஒட்டிய வேதாளையில் மரக்காயர் கப்பற்படை போர்த்துக்கீசியரிடம் தோற்றது. ஜொகூர் ஆற்றில் 1536, வேதாளையில் 1538. இரண்டு கரைகளையும் பிரிப்பது வங்காள விரிகுடா. இரண்டிலும் சுட்டது ஒரே நாட்டுப் பீரங்கி.

மலாக்காவின் கதவு அடைபட்டபின் முஸ்லிம் வணிகர்கள் அச்சே, பாந்தென், பத்தானி, ஜொகூர் என்று மாற்றுத் துறைமுகங்களைத் தேடிப் போனார்கள். சோழமண்டலக் கரைத் துணி இல்லாமல் கிழக்கே எந்தச் சரக்கும் வாங்க முடியாத காலம் அது. மிளகுக்கும் கிராம்புக்கும் காசைவிடத் துணி செல்லும். நெய்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். ஏற்றிவந்தவர்களிலும் நம்மவர்கள் உண்டு. மலாய் மொழியைக் கேட்டாலே இது தெரியும். கப்பல் அங்கே 'காப்பால்', கடை 'கெடாய்', வணிகத்துக்குப் போடும் முதல் 'மோடால்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்'. நம் ஊர்ப் பெயரில் உள்ள 'கோத்தா'வும் நம் 'கோட்டை'யும் உறவுச் சொற்கள். கோத்தா திங்கி என்றால் உயர்ந்த கோட்டை.

மணி புரிந்தானின் வாரிசுகள்

இனி நாங்கள் சொல்லப்போவதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள்.

மலாய் இலக்கியத்தின் பெரும் நூலான 'சுலாலத்துஸ் ஸலாத்தீன்' என்ற செஜாரா மெலாயு, மணி புரிந்தான் என்பவரைப் பற்றிப் பேசுகிறது. கெலிங் நாட்டில் முஸ்லிம் அரசர் ஒருவரின் மகனாகப் பிறந்து, கடல் கடந்து மலாக்காவுக்கு வந்து, அங்கேயே பெண் எடுத்து நிலைத்துவிட்டார் என்கிறது. கெலிங் என்ற சொல் அந்நாளில் தென்னிந்தியக் கரையைக் குறித்தது. இன்று அதை ஏளனமாகச் சொல்லும்போது நமக்கு மனம் நோகிறது. அந்தப் பழைய ஏட்டில் அது மரியாதையான ஒரு தேசப் பெயர்.

மணி புரிந்தானின் மகன் துன் அலி. துன் அலியின் மகன் துன் முதாஹிர், மலாக்காவின் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர். துன் முதாஹிரின் மகள் துன் பாத்திமா, சுல்தான் மஹ்மூது ஷாவின் மனைவி. அவர்களுடைய மகன்தான் ஜொகூர் அரசைத் தொடங்கிய சுல்தான் அலாஉத்தீன் ரியாயத் ஷா. கணக்குப் போட்டுப் பாருங்கள். கெலிங் கரையிலிருந்து கப்பலேறி வந்தவருடைய பேரனின் பேரன், ஜொகூரின் முதல் சுல்தான்.

பள்ளிப் பாரத்தில் 'இனம்' என்ற கட்டத்தை நிரப்பும்போது நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், தொழுகையில் அரபு. நாம் யார் என்று கேட்கிறார்கள். தாத்தா கடை வைத்த ஆண்டிலிருந்துதான் நமக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு என்று நினைக்கிறார்கள். தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் அவர் வந்த கடல்வழி, அவருக்கு நூற்றாண்டுகள் முன்பே நம் கரையினர் வந்து போன வழி. சிலர் வந்தார்கள், சிலர் திரும்பினார்கள், சிலர் இங்கேயே மண்ணோடு கலந்தார்கள். மணி புரிந்தானின் வழிவந்தவர்கள் மலாய்க்காரராகவே வாழ்ந்தார்கள். அதே நேரத்தில் தங்கள் பாட்டன் எங்கிருந்து வந்தார் என்பதை ஏட்டில் எழுதி வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல அவர்கள் கூச்சப்படவில்லை.

ஒரு புறணியின் விலை

அதே நூல் பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. துன் முதாஹிரின் வீடு எப்படி அழிந்தது என்பதையும் சொல்கிறது. ஐம்பதாண்டு கண்ட ஒரு சங்கம் கேட்டுக்கொள்ள வேண்டிய கதை அது.

மலாக்காவில் ராஜா முதலியார், நைனா சூரா தேவானா என்று இரண்டு பெரிய கெலிங் வணிகர்கள். இருவருக்கும் வழக்கு. ராஜா முதலியாரிடம் கடன்பட்டிருந்த கித்துல் என்பவன், சூரா தேவானா பெண்டஹாராவுக்கு இரவில் பொன் கொடுத்து உம்மைத் தொலைக்கப் பார்க்கிறார் என்று அவரிடம் பற்ற வைத்தான். பயந்துபோன ராஜா முதலியார், பெண்டஹாரா அரசுக்கு எதிராகச் சதி செய்கிறார் என்று லக்சமானா கோஜா ஹசானிடம் சொன்னார். அவர் அதைச் சுல்தானின் காதில் போட்டார். விசாரணை இல்லை. 1510இல் துன் முதாஹிரும் அவர் குடும்பத்து ஆண்களும் கொல்லப்பட்டார்கள். சொன்னது பொய் என்று பிறகு தெரிந்தது. சுல்தான் வருந்தினார், புறணி சொன்னவர்கள் தண்டனை பெற்றார்கள். போன உயிர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டே போர்த்துக்கீசியக் கப்பல்கள் மலாக்காவின் முன் நின்றன. அரசின் தலைசிறந்த நிர்வாகியை அது ஏற்கெனவே தன் கையாலேயே இழந்திருந்தது.

இதில் வெளியார் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வழக்காடிய இருவரும் கெலிங் வணிகர்கள். பலியானவரும் கெலிங் கரையிலிருந்து வந்தவரின் பேரன். கடன், பொறாமை, ஒரு பொய், விசாரிக்காமல் நம்பிய காதுகள். இவ்வளவுதான் தேவைப்பட்டது. எந்தச் சங்கத்தின் பொதுக்கூட்டத்திலும் இந்த நான்கும் வந்து உட்காரக்கூடும். ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சூரா அல்-ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுவது சும்மா இல்லை.

கோட்டை போனது, ஏடு நின்றது

1587க்குப் பிறகு தலைநகர் ஆற்றின் மேல்பகுதியில் பத்து சாவாருக்கு மாறியது. ஜொகூர் ஓய்ந்துவிடவில்லை. 1603 பிப்ரவரியில் ஜொகூர் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துக்கீசியக் கப்பலை ஜொகூரின் துணையோடு டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்த அந்தக் கப்பல் சரக்கு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது. அதைப் பிடித்தது நியாயமா என்ற வழக்கை ஒட்டித்தான் ஹூகோ குரோஷியஸ் என்ற சட்ட அறிஞர், கடல் எல்லோருக்கும் பொது என்று வாதிடும் நூலை எழுதினார். 1609இல் அது அச்சானது. உலகக் கடல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதிலிருந்து தொடங்குகிறார்கள். நம் ஆறு கடலில் சேரும் இடத்தில் நடந்த ஒரு சம்பவம் அதற்கு வித்து.

அந்தக் காலத்தில் ஜொகூரின் பெண்டஹாராவாக இருந்தவர் துன் ஸ்ரீ லானாங். 1612இல் அரச ஆணையின்படி செஜாரா மெலாயுவை எழுதித் தொகுக்கத் தொடங்கினார். முன்னுரையில் தன் தலைமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய் மணி புரிந்தானில் நிறுத்துகிறார். மறு ஆண்டே அச்சே படை பத்து சாவாரைத் தாக்கியது. துன் ஸ்ரீ லானாங்கும் அச்சேவுக்குக் கொண்டுபோகப்பட்டார். ஊர் எரிந்தது, எழுதியவர் சிறைப்பட்டார், நூல் மட்டும் நின்றது. ஜொகூர் லாமாவைப் பற்றியும் மலாக்காவைப் பற்றியும் நாம் இன்று பேச முடிகிறதென்றால், இந்த ஆற்றங்கரையில் ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்ததுதான் பெரிய காரணம்.

திரும்பும் வழியில் கம்போங் மக்காமில் சுல்தான் மஹ்மூது ஷாவின் அடக்கத்தலத்தில் ஃபாத்திஹா ஓதினோம். 1699இல் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பல்லக்கில் போய்க்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டவர். அதனால்தான் 'மங்காட் டிஜூலாங்' என்ற பெயர். அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளையைத் தின்ற கர்ப்பிணி டாங் அனூமுக்கு நேர்ந்த கொடுமைக்குக் கணவர் மேகாட் ஸ்ரீ ராமா பழிவாங்கினார் என்று கோத்தா திங்கியில் இன்றும் சொல்கிறார்கள். மலாக்கா அரச வம்சத்தின் நேர்வழி அவரோடு முடிந்தது. அதிகாரத்தில் இருப்பவர் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் பசியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்த் தாய்மார்கள் பிள்ளைகளிடம் காட்டும் கப்ரு அது.

மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இதே ஆறு பொங்கி நம் நகரை மூழ்கடித்ததை நடுவயதைத் தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடைகளில் சரக்கு போனது, வீடுகளில் திருமணப் படங்கள் போயின. சங்கத்தின் ஆரம்பகாலக் கணக்கேடுகளும் சந்தாப் புத்தகங்களும் சேறாகிப்போயின. சரக்கைத் திரும்ப வாங்கினோம். ஏடுகளை வாங்க எந்தக் கடையும் இல்லை.

ஆகவே பொன்விழாக் குழுவின் சார்பில் ஒரு வேண்டுகோள். வாப்பாவின் பெட்டியில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட், ரஜூலா அல்லது சிதம்பரம் கப்பல் சீட்டு, ஊரிலிருந்து வந்த அரபுத்தமிழ்க் கடிதம், கடையின் முதல் லைசென்ஸ், மர்ஹூம்களின் படம் எதுவானாலும் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, யாரோடு வந்தார்கள், முதல் நோன்பு எங்கே வைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளே கேட்கட்டும், பிள்ளைகளே எழுதட்டும். தமிழில் எழுத வராதவர்கள் மலாயில் எழுதினாலும் சரி.

ஜொகூர் லாமாவுக்குப் போய்வர ஒரு நாள் போதும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள், வெயில் கடுமை. முதலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு மேட்டில் ஏறுங்கள், அப்போதுதான் மண் பேசும். மழைநாளில் அணை வழுக்கும், பெரியவர்களைக் கைபிடித்து ஏற்றுங்கள்.

இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்து மறைந்த எல்லோருடைய பிழைகளையும் வல்ல அல்லாஹ் பொறுத்தருள்வானாக. நம்மையும் நம் சந்ததியையும் ஒற்றுமையோடு வாழச் செய்வானாக. ஆமீன்.